நியூஸ் கேமராவா, கல்யாண கேமராவா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி போன மாதம் கூப்பிட்டான். நாளிதழ் ஒன்றில் ஆறு வருஷமாகப் படம் எடுக்கிறான். நல்ல கண் உள்ள பையன், பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்தில் (தீமிதியில்) அவன் எடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நானே போன் போட்டுப் பாராட்டியிருக்கிறேன். "அண்ணா, நானும் கல்யாணத்துக்கே வந்தர்லாம்னு இருக்கறனுங்ணா" என்றான். ஏன் என்று கேட்டேன். பொண்ணு பார்க்கப் போன இடத்தில் சம்பளம் கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறான். பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "அது சரிங்க தம்பி, பொழப்புக்கு என்ன பண்றீங்க?" என்றாராம்.

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானதுதான். அரை மணி நேரம் பேசியும் அவனுக்கு முழுசாகப் பதில் சொன்ன மாதிரி இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஈரோட்டில் பன்னிரண்டு வருஷம் நியூஸ் படம் எடுத்தவன், அதற்கப்புறம் கல்யாணம். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன், இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் குறை சொல்வேன்.

முதலில் ஒன்று. இதை எல்லாரும் இரண்டு வழி உள்ள விஷயமாகப் பேசுகிறார்கள், இருப்பதா போவதா என்று. நம்ம பக்கம் உண்மையில் நாலு வழி இருக்கிறது. நியூஸிலேயே இருக்கலாம். வேலையில் இருந்துகொண்டே முகூர்த்த நாளில் மட்டும் வேறு ஸ்டுடியோக்களுக்குப் போய் எடுத்துக் கொடுக்கலாம், திருப்பூர் பாஷையில் சொன்னால் ஜாப் ஒர்க். சொந்தமாகக் கல்யாண ஆர்டர் பிடிக்கலாம். இல்லை, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் துணிப்படம் எடுக்கப் போகலாம், அதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், பெண்ணின் அப்பாவும் அங்கேதானே ஆரம்பித்தார். நான் 2008இல் சேர்ந்தபோது சம்பளம் 5,500 ரூபாய். 2020இல் விட்டபோது பிடித்தம் எல்லாம் போகக் கையில் 23,000. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று 1955இல் வந்த சட்டம் செய்திப் புகைப்படக்காரர்களையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது, மஜீதியா ஊதியக் குழுவின் சிபாரிசை 2011இல் அரசாங்கம் அறிவித்தது, 2014இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்னது. எல்லாம் சரி, அது சம்பளப் பட்டியலில் பேர் இருப்பவனுக்கு. தாலுகா அளவில் கேமராவோடு அலைகிற முக்கால்வாசிப் பேர் ஸ்டிரிங்கர்கள், அச்சில் வந்த படத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பார்கள். எடுத்தது நாற்பது, வந்தது ஒன்று என்றால் ஒன்றுக்குத்தான் காசு, பெட்ரோல் நம்முடையது.

கல்யாணத்தில் தொகையைக் கேட்டால் மயக்கம் வரும். மயங்க வேண்டாம், பிரித்துப் பார்க்கலாம். போன வருஷம் நான் 1,20,000 ரூபாய்க்குப் பேசிய ஒரு கல்யாணம், பெருந்துறைப் பக்கம், இரண்டு நாள். கூட வந்த போட்டோகிராபருக்கு 7,000. வீடியோ இரண்டு பேருக்கு 18,000. டிரோன் 6,000. லைட் பிடிக்கிற பையனும் வண்டியும் 5,000. ஆல்பம் இரண்டு, பெண் வீட்டுக்கு ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, 22,000. வீடியோ எடிட்டிங் 14,000. ஆக 72,000 வெளியே போய்விட்டது, எனக்கு நின்றது 48,000. அதற்குள் எடிட்டிங்குக்கு நான் உட்காரும் ராத்திரிகள், ஹார்ட் டிஸ்க், கேமரா லோன் எல்லாம் அடக்கம். இதுபோல வருஷத்துக்கு 18 கல்யாணம் கிடைத்தால் 8,64,000. மாதத்துக்கு 72,000, பத்திரிகைச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு. ஆனால் இதே 18ஐ 1,20,000ஆல் பெருக்கிப் பாருங்கள், 21,60,000 வரும். சேவைத் தொழிலுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், போட்டோகிராபிக்கு 18 சதவீதம். நமக்கு நின்றது எட்டரை லட்சம்தான் என்பது அந்தக் கணக்குக்குத் தேவையில்லை. கல்யாணச் செலவில் ஏற்கெனவே விழி பிதுங்கி நிற்கிற ஒரு அப்பாவிடம் போய், "இதுக்கு மேல 18 பர்சென்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். "அந்தத் தம்பி பில்லே இல்லாம பண்ணித் தர்றேன்னு சொன்னாப்ல" என்பார். அந்தத் தம்பி எப்போதும் இருப்பான்.

பாக்கி வசூல் தனிக்கதை. கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் நம்மேல் இருக்கிற பாசம் மறு வாரம் இருக்காது. நாம் படங்களைக் கொடுத்துவிட்டு ஆல்பத்துக்கு 150 படம் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்போம். புதுப்பெண் அதற்குள் பெங்களூரு போயிருக்கும், மாப்பிள்ளைக்கு நேரம் இருக்காது, மாமியார் தன் படத்தைத் தவிர எதையும் பார்க்க மாட்டார். ஆறு மாதம் ஓடும். ஆல்பம் கொடுத்தால்தானே மீதிப் பணம்? என்னிடம் ஒரு ஜோடிக்கு முதல் குழந்தையின் மொட்டையடிப் படமே எடுத்தாகிவிட்டது, கல்யாண ஆல்பம் இன்னும் செலக்‌ஷனில் இருக்கிறது. இப்போதெல்லாம் பேசும்போதே பாதி, முகூர்த்தம் முடிந்து மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் நாற்பது சதவீதம், ஆல்பத்துக்குப் பத்து என்று எழுதி வாங்கிவிடுகிறேன். ஆல்பம் தாமதமானால் அந்தப் பத்துதான் மாட்டும், பொழப்பு மாட்டாது.

அடுத்தது காலண்டர். சேர்வதற்கு முன்னால் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை. மீதி மாதங்களிலும் நல்ல முகூர்த்தம் விரல்விட்டு எண்ணும் தேதிகள்தான். வைகாசியில் ஒரே தேதிக்கு நாலு பேர் கூப்பிடுவார்கள், மூன்று பேருக்கு இல்லை என்று சொல்லுவோம், அடுத்த பத்து நாள் சும்மா உட்கார்ந்திருப்போம். இ.எம்.ஐ.க்கு ஆடி கிடையாது. வேடிக்கை என்னவென்றால், கல்யாணக்காரனுக்குப் பட்டினியான ஆடிதான் நியூஸ்காரனுக்கு விருந்து. பவானி கூடுதுறையில் ஆடிப்பெருக்கு, அந்தியூர் குருநாதசாமி கோயில் நோம்பியில் குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை. நான் வேலையை விட்ட பிறகும் ஒவ்வொரு ஆடிக்கும் அந்தியூர் போகிறேன், காசுக்கில்லை, அந்தப் புழுதியும் குதிரைகளும் சும்மா இருக்க விடாது. இரண்டு காலண்டரும் ஒன்றின் பள்ளத்தில் மற்றது மேடாக இருப்பதைப் பார்த்தால், இரண்டையும் சேர்த்து ஓட்டலாமே என்று தோன்றும். ஓட்டலாம். எவ்வளவு நாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது வேலைக்கு வருகிறேன். நியூஸில் கற்றதில் எது கல்யாணத்துக்கு உதவும், எது குழியில் தள்ளும் என்பதைத்தான் அந்தத் தம்பியும் அதிகம் கேட்டான்.

உதவுவது நிறைய. பண்ணாரியில் விடியற்காலை நாலு மணிக்குக் குண்டம் இறங்குவதை எடுத்தவனுக்கு, ஐந்து மணி முகூர்த்தத்தின் வெளிச்சம் ஒரு பிரச்சினையே இல்லை. கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 6400க்கு ஏற்றிவிட்டு தைரியமாக எடுப்பான். ஸ்டுடியோவிலிருந்து வந்தவன் லைட்டைத் தேடுவான். அப்புறம், கூட்டத்தில் எங்கே நிற்பது என்பது. அமைச்சர் காரிலிருந்து இறங்குகிற இடத்தில் இருபது பேருக்கு நடுவே முழங்கையால் இடம் பிடித்துப் பழகியவனுக்கு, தாலி கட்டும் நேரத்தில் மேடையை மறைக்கிற மாமன் மச்சான் கூட்டமெல்லாம் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் விட, நடக்கப் போவதை இரண்டு விநாடி முன்னாலேயே மோப்பம் பிடிக்கிற ஒரு புத்தி இருக்கிறதே, பெண்ணின் அப்பா எப்போது கண்ணைத் துடைக்கப் போகிறார் என்பது நியூஸ்காரனுக்குத் தெரியும். அதற்குத்தான் இன்றைக்குக் கேண்டிட் என்று பேர் வைத்துக் காசு வாங்குகிறோம்.

குழியில் தள்ளுவதும் அதே புத்திதான். என் முதல் கல்யாணம் காங்கயம் பக்கத்தில். நான் பெரிய இவன் என்ற நினைப்பில் 70-200 லென்ஸை மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் நெருக்கமாக, பத்திரிகையில் மூன்று பத்தி அகலத்துக்கு வருகிற மாதிரி எடுத்துத் தள்ளினேன். பாட்டி ஒருத்தி வெற்றிலை இடிக்கிற படம், வாசலில் செருப்புக் குவியலில் ஒரு குழந்தை, பெண்ணின் கை மட்டும். இன்றைக்கும் அவை நல்ல படங்கள். ஆல்பம் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், பேசவே இல்லை. கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, "சீரு செஞ்சது நானுங்க தம்பி. படத்துல பாதி நானு" என்றார். திரும்பப் பார்த்தேன். உண்மைதான். உருமால் (தலைப்பாகை) கட்டுகிற படத்தில் மாப்பிள்ளையின் முகம் அழகாக இருக்கிறது, மாமனுக்குக் காதும் தோளும் மட்டும். நியூஸில் அது நல்ல கிராப். அங்கே அது ஒரு மனுஷனை வெட்டினது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு, அவர்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். இணைச்சீர் முழுசாக என்னிடம் இல்லை. நான் விடியற்காலை நாலரைக்கு வந்து இறங்கினேன், அவர்கள் வீட்டு வழக்கப்படி முதல் நாள் ராத்திரியே முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இணையாக அவர் அக்காவோ தங்கையோ நின்று செய்கிற சீர் அது. பிறந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற உரிமையை ஊரறியச் சொல்கிற சீர் என்றே பெரியவர்கள் சொல்வார்கள். தாலி கட்டுவதை ஊரே போனில் எடுத்திருக்கும். இணைச்சீர் நேரத்தில் அங்கே இருப்பது சீர்களை நடத்தி வைக்கிற பெரியவரான அருமைக்காரரும் நெருங்கிய ஒறம்பரையும் (சொந்தக்காரர்களும்) மட்டும்தான், அந்தப் படம் நம்மிடம் இல்லையென்றால் எங்கேயும் இல்லை.

நியூஸில் ஒரு படம் போதும். நாள் முழுக்க அலைந்து, ஒன்று சரியாக விழுந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். கல்யாணத்தில் ஒன்று கூட விடக்கூடாது. முகூர்த்தக்கால் நடுவதிலிருந்து நாட்டுக்கல் சீர், குடிமகன் (நாவிதர்) நின்று சொல்கிற மங்கல வாழ்த்து (கம்பர் பாடிக் கொடுத்தது என்று சொல்வார்கள்), கைகோர்வை என்று வரிசை நீளம், அதுவும் குடும்பத்துக்குக் குடும்பம், ஊருக்கு ஊர் மாறும். இது கொங்கு வேளாளக் கவுண்டர் வீட்டு வரிசை. தேவாங்கச் செட்டியார் வீட்டில் வேறு, கோவை கரும்புக்கடைப் பக்கம் நிக்காஹ் வேறு, தேவாலயத்தில் வேறு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நான் இப்போது கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே அருமைக்காரர் யாரென்று விசாரித்து அவருக்குப் போன் போட்டுவிடுவேன். நிகழ்ச்சி நிரல் அவர் தலைக்குள்தான் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பது சாப்பாட்டு நேரம் மட்டும்.

இன்னொரு வித்தியாசம், தொட்டால் தெரியாது, நாள் ஆக ஆக உறைக்கும். நியூஸ் படத்தில் இருக்கிறவர் நமக்குக் காசு கொடுப்பதில்லை. அதனால் அவருக்குப் பிடிக்கிறதா என்று நாம் கேட்பதில்லை, படத்தில் எதையும் அழிப்பதும் இல்லை. ஒரு மின்கம்பியை அழித்தேன் என்று தெரிந்தால் வேலை போய்விடும். கல்யாணத்தில் படத்தில் இருக்கிறவர்தான் முதலாளி. மின்கம்பி மட்டுமா, தொப்பையைக் குறைக்க வேண்டும், பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவைப் பின்னாலிருந்து எடுத்துவிட வேண்டும். "அம்மிணிய இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்க" என்று பெண்ணின் அம்மாவே கேட்பார். முதல் வருஷம் சண்டை போட்டேன். இப்போது, லைட்டை நிறத்துக்குத் தகுந்த மாதிரி வைத்துப் படத்தையே நன்றாக எடுத்துவிடுவேன், பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள், பாதிப் பேர். மீதிப் பாதிக்கு எடிட்டிங்கில் ஸ்லைடரை நகர்த்தத்தான் செய்கிறேன், மறைப்பானேன்.

சரி, நியூஸ் அவ்வளவு சுத்தமா என்றால், அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். ராத்திரி மழையில் சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் செத்துப் போனார்கள். அன்றைக்கு அனுப்பிய படக்குறிப்பில் எண்ணிக்கையை மட்டும் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன். மழையில் போனை நனையாமல் சட்டைக்குள் வைத்து டைப் செய்தது ஞாபகம் இருக்கிறது, படங்கள் அவ்வளவாக ஞாபகம் இல்லை. அதே வாரம் ஒரு முகூர்த்தம், நண்பனின் ஸ்டுடியோவுக்காக. மேளச் சத்தத்தில் கேமராவைத் திறந்தால் கார்டில் பழைய படங்கள் அப்படியே இருந்தன, அழிக்க மறந்திருக்கிறேன். மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று, கார்டை மாற்றிக்கொண்டு உள்ளே போனேன். அதற்கப்புறம்தான் விட்டுவிடலாம் என்று தோன்ற ஆரம்பித்தது. அந்தப் படங்களை யாராவது எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. இன்னும் எத்தனை வருஷம் நானே எடுப்பது என்பதில்தான் சந்தேகம் வந்தது.

படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பேருக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு. பத்திரிகை ஊழியராக இருந்து பத்திரிகைக்காக எடுத்த படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பத்திரிகையில் வெளியிடுவது சம்பந்தப்பட்ட உரிமைதான் முதலாளிக்கு, மற்றது எடுத்தவனுக்கு. ஆனால் கூலி கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். அதாவது கல்யாணப் படங்களின் உரிமை சட்டப்படி பெண்ணின் அப்பாவுக்கோ யார் நம்மைப் பேசினார்களோ அவருக்கோ. நாம் இன்ஸ்டாகிராமில் போட்டு ஆர்டர் பிடிக்க வேண்டுமானால் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதையும் தம்பி ஒரு தரம் எடுத்துப் படிக்க வேண்டும், பெரும்பாலும் அந்த மீதி உரிமையும் அதில் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும்.

டிரோன் பற்றிச் சுருக்கமாக. 2021 விதிகள்படி 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைத் தொழிலுக்குப் பறக்கவிடச் சான்றிதழ் வேண்டும், பச்சை மஞ்சள் சிவப்பு மண்டல வரைபடமும் பார்க்க வேண்டும். கோவையில் பீளமேட்டில் விமான நிலையம், அந்தப் பக்கம் சூலூர் விமானப்படைத் தளம், நடுவில் அவினாசி ரோடு முழுக்க மண்டபம். சொந்தமாக வாங்காதீர்கள், சான்றிதழ் உள்ளவரைக் கூட்டி வாருங்கள்.

இப்போது ஜாப் ஒர்க். என் கருத்தில் மாறுகிறவனுக்கு முதல் படி இதுதான். எங்கள் பக்கம் கேண்டிடுக்கு ஒரு நாள் நான் வாங்கியது 6,000, 7,000. போனோமா, எடுத்தோமா, கார்டைக் கொடுத்தோமா, வந்தோமா. ஆல்பம், பாக்கி, மாமியார் எதுவும் நம் தலையில் இல்லை. வரிசை பழகிவிடும், எந்த ஆல்பக் கடையில் பிரிண்ட் நன்றாக வரும், எந்த வீடியோக்காரர் எல்.இ.டி. லைட்டைக் கொண்டுவந்து நம் பிரேமில் நட்டுவிடுவார் என்பதெல்லாம் அடுத்தவன் செலவில் தெரிந்துவிடும். குறை, படத்தில் நம் பேர் இருக்காது, பத்திரிகையில் அடிக்குறிப்பில் சின்னதாக வருகிற பேரைப் பார்த்துப் பழகினவனுக்கு அது கொஞ்சம் வலிக்கும். இன்னொன்று, வேலையில் இருக்கிறவன் வெளியே எடுப்பதை அலுவலகம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை. முகூர்த்த நாளன்று காலையில் டெஸ்க்கிலிருந்து போன் வரும், "எங்கய்யா இருக்க?" பின்னால் நாதஸ்வரம். "கோயில் விசேஷத்துல சார்" என்று எத்தனை தரம் சொல்வது? ஒரு தடவை நிஜமாகவே பெரிய விபத்து, நான் தாரை வார்க்கிறதை எடுத்துக்கொண்டிருந்தேன், மற்ற எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. இரண்டையும் சேர்த்து ஓட்டுவது இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது என்று நான் சொல்வது அதனால்தான். இரண்டு இடத்திலும் பாதி ஆளாக இருப்போம்.

திருப்பூர் வழியை நான் செய்ததில்லை, செய்கிறவர்களைத் தெரியும். பனியன், குழந்தைகள் துணி, லெக்கின்ஸ், ஆன்லைனில் விற்பதற்கு ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு படம். உருப்படிக்கு இவ்வளவு என்று ரேட். வெள்ளைத் திரை, இரண்டு லைட், பொம்மை, காலையில் போய் ராத்திரி வந்துவிடலாம், ஆடியும் மார்கழியும் கிடையாது, யாரும் அழ மாட்டார்கள். பணம் தான் நாளாகும், திருப்பூரில் யாருக்கு யார் உடனே கொடுத்திருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு பழைய நியூஸ் நண்பர் அதில்தான் வீடு கட்டினார். "படம் எடுக்கறமாதிரியே இல்லீங்க, ஆனா ஞாயித்துக்கெழம புள்ளைகளோட இருக்கறேன்" என்றார். இதை ஏளனமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொந்தக் கல்யாண ஸ்டுடியோவுக்கு எது வேண்டும் என்று கேட்டால் கேமரா என்பார்கள். இரண்டு கார்டு போடுகிற கேமரா பாடி இரண்டு, லென்ஸில் 24-70, 70-200, ஒரு 35 அல்லது 85, அப்புறம் பிளாஷ், எல்லாம் சேர்த்து நாலு, ஐந்து லட்சம். அது பிரச்சினையில்லை, லோன் கிடைக்கும். கிடைக்காதது ஒறம்பரை. நம்ம ஊரில் கல்யாண ஆர்டர் விளம்பரத்தைப் பார்த்து வருவதைவிட, ஒரு பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்லித்தான் அதிகம் வருகிறது. வீட்டுக்குப் பேசப் போனால் ரேட்டுக்கு முன்னால் "எந்த ஊருங்க தம்பி?" என்பார்கள், அதற்கடுத்து என்ன கூட்டம் (குலம்) என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். பத்திரிகை அட்டையோடு போகும்போது எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார முடிந்தது, யாரும் கேட்டதில்லை. கேமரா அதே கேமராதான். சொந்த சாதியில் சொந்தபந்தம் நிறைய உள்ளவனுக்கு முதல் வருஷமே பத்து ஆர்டர் வரும், இல்லாதவனுக்கு மூன்று வருஷம் ஆகும், அவன் படம் இவனுடையதைவிட நன்றாக இருந்தாலும். இதைக் கணக்கில் எடுக்காமல் வேலையை விடாதீர்கள்.

நான் விட்டது 2020 பிப்ரவரி கடைசியில். பங்குனி, சித்திரை, வைகாசிக்கு ஏழு ஆர்டர் கையில். மார்ச் 25 ஊரடங்கு. ஏழு பேரும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள், அதில் இரண்டு பேருடையதை லென்ஸாக மாற்றியிருந்தேன். பிரஸ் அட்டையைத் திருப்பிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அடுத்த மாவட்டம் போக அனுமதிச் சீட்டுக்கு வரிசையில் நின்றேன், என் பழைய சகாக்கள் வண்டியில் கடந்து போனார்கள். அப்புறம் ஐம்பது பேர் மட்டும் என்று அனுமதித்தபோது, தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) ஒரு கல்யாணம். மண்டபம் இல்லை, எல்.இ.டி. சுவர் இல்லை, மேடை இல்லை. களத்தில் பந்தல், தென்னந்தோப்பிலிருந்து வருகிற காலை வெயில், மாஸ்க்கை இறக்கிவிட்டு அழுகிற அப்பா, கட்டுத்தறியிலிருந்து எட்டிப் பார்க்கிற காங்கயம் மாடு. எடுத்ததிலேயே நல்ல கல்யாணம் அதுதான், கொடுத்ததிலேயே குறைந்த காசும் அதுதான். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் இறங்காதே என்று தம்பியிடம் மூன்று தடவை சொன்னதற்குக் காரணம் அந்த வருஷம்.

அப்போ யார் நியூஸிலேயே இருக்கலாம்? நிரந்தரச் சம்பளப் பட்டியலில் பேர் இருந்து, வீட்டில் இன்னொரு வருமானம் இருந்து, காலையில் பேப்பரைத் திறந்தவுடன் அடுத்த பத்திரிகைக்காரனின் படம் நன்றாக இருந்தால் இன்னும் வயிறு எரிகிறவர்கள். எரிச்சல் நின்றுவிட்டது என்றால் கிளம்பலாம். ஸ்டிரிங்கராக இருக்கிறவர்கள், எரிந்தாலும், ஜாப் ஒர்க்கை நாளைக்கே ஆரம்பித்துவிடுங்கள், வயிற்றில் எரிவதற்கும் ஏதாவது இருக்க வேண்டும்.

தம்பிக்கு இன்னும் எரிகிறது, எனக்குத் தெரியும். அதனால் இந்த வைகாசிக்கு மூன்று ஜாப் ஒர்க் மட்டும் பேசிக் கொடுத்திருக்கிறேன், வேலையை விட வேண்டாம், ஆபீஸில் சொல்லிவிட்டுப் போ என்று. முந்தாநாள் ராத்திரி பத்து மணிக்கு மறுபடி போன்.

"அண்ணா, இணைச்சீரு எத்தன மணிக்குங்ணா ஆரம்பிக்கும்?"

அருமைக்காரர் நம்பரை அனுப்பினேன்.